கிழக்கு பார்த்த மெஷின்

அத்தியாயம் பதினான்கு

குருபரப்பள்ளியில் பஸ் நின்றபோது சௌமியா எழுந்திருக்கவில்லை.

"எறங்கு," என்றான் தினேஷ்குமார். "கண்டக்டர் மொறைக்கறாரு."

இறங்கினாள். பஸ் போய்விட்டது. ஹைவேயின் ஓரத்தில் இருவரும் நின்றார்கள். அவன் தோளில் டூல் பை தொங்கியது. அவள் கையில் மைக்ரோமீட்டர் பெட்டி.

ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பி ஹரீஷ்குமார் ஓசூர் பாகலூர் ரோட்டில் இருந்த அவர்கள் வாடகை வீட்டுக்கு வந்து, பட்டறை ஷெட்டில் மெஷின் அளவு தவறி ஓடுவதையும் அப்பா சொன்னதையும் அப்படியே ஒப்பித்துவிட்டுப் போயிருந்தான்.

"மெஷினு சைஸுக்கு வந்தா, வீட்டுக்கு வரட்டும். ரெண்டு பேரும்."

அந்த 'ரெண்டு பேரும்' அவளைத் தூங்கவிடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அப்பாவின் வாயிலிருந்து வந்த முதல் சொல் அது. ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் நின்று போன் செய்தபோதுகூட அப்பா ராஜப்பன் ஒன்றும் பேசவில்லை. மறுமுனையில் ஷெட்டின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

எல்லாம் அந்த மெஷினில்தான் தொடங்கியது. இரும்பைச் செதுக்கித் துளை போடும் ஒரு பழைய மில்லிங் மெஷினை ராஜப்பன் வாங்கினார். இரும்பு நன்றாக இருந்தது. மற்றதெல்லாம் செத்திருந்தது. அதற்குப் புது மோட்டார், புது கன்ட்ரோல், புது ஒயரிங் போட்டு உயிர் கொடுக்க வந்தவன் தினேஷ். அளவு பார்த்துச் சொல்லும் வேலை சௌமியாவுக்கு. அவன் நகர்த்துவான், அவள் அளப்பாள். வேலை முடிந்தபோது மெஷின் சரியாக இருந்தது. வேறு எதுவும் முன்போல இல்லை.

அவன் அப்பா அஞ்செட்டிப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் வேலை செய்தவர். ராஜப்பனுக்கு நிலம் இருந்தது. அதற்குமேல் யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"நட," என்றான் தினேஷ்.

ஷெட் வாசலில் ஹரீஷ் நின்றிருந்தான்.

"வா அக்கா." தினேஷைப் பார்த்தான். "வாங்க."

முன்பு சார் என்பான். இப்போது என்ன சொல்வதென்று தெரியாமல் நிறுத்திக்கொண்டான்.

"அப்பா?" என்றாள் சௌமியா.

"கிருஷ்ணகிரி போயிருக்காரு. சாயங்காலம் வருவாரு. அதுக்குள்ள பாத்து முடிக்கணுமாம்."

"எங்க மூஞ்சில முழிக்கக் கூடாதுன்னா?"

"ஆரம்பிக்காதக்கா."

தினேஷ் உள்ளே ஒரு கால் வைத்து நின்றுவிட்டான்.

அவன் விட்டுப் போனபோது மெஷின் இடதுபக்கச் சுவரை ஒட்டி, தெற்கே பார்த்து நின்றது. இப்போது அந்த இடம் காலி. மெஷின் ஷெட்டின் நடுவில் கிழக்கே பார்த்து நின்றது. அதன் கதவில் மஞ்சளும் குங்குமமும் காய்ந்திருந்தன.

"யாரு திருப்புனது?"

"ஓசூர்லருந்து ஒருத்தரு வந்தாரு. வாஸ்து பாக்கறவரு."

"அவரு கிரேன் வச்சிருக்காரா?"

ஹரீஷ் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

"கிரேன் அப்பா வரவச்சதுதான். மெஷினோட வாயி தெக்க பாத்துட்டு இருக்குது, அதுதான் வீட்டுப் பொண்ண வெளிய தள்ளிடுச்சுன்னாரு அந்தாளு. அன்னைக்கே திருப்பிட்டாரு அப்பா."

சௌமியா மெஷினைப் பார்த்தாள். "என்னைக்கு?"

"நீ போன மறுவாரம்."

"அளவு தப்பி ரிஜெக்ஷன் என்னைக்கு ஆரம்பிச்சுது?" என்றான் தினேஷ்.

ஹரீஷ் கதவிலிருந்த குங்குமத்தை நகத்தால் சுரண்டினான். "அதுக்கப்புறம்தான். ஆனா அப்பா வேற சொல்றாரு. நீங்க போறப்ப கன்ட்ரோல்ல ஏதோ வச்சுட்டுப் போயிட்டீங்கன்னு."

"என்னாத்த வைப்பேன்?"

"தெரியல. அப்பிடித்தான் சொல்றாரு."

தினேஷ் பையை இறக்கினான். ஹரீஷ் மெயின் ஸ்விட்சைப் போடப் போனபோது தினேஷ் மனைவியின் பக்கம் குனிந்தான்.

"சௌமி, இது என் தப்பா இருக்கணும்னு வேண்டிக்க."

"ஏன்?"

"என் தப்புன்னா நான் சரி பண்ணிடலாம்."

அவளுக்குப் புரிந்தது. மெஷின் கிழக்கே பார்த்து நிற்கும்வரைதான் அப்பாவுக்கு மூச்சு. தவறு அந்தத் திருப்பலில் இருந்தால் அதை அவரிடம் யாரும் சொல்ல முடியாது.

தன் புருஷன் ஒழுங்காக வேலை செய்யாமல் விட்டிருக்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள்.

அந்த மெஷினில் செய்வது ஒரு பிராக்கெட். லாரியின் ஸ்டியரிங் பெட்டியைத் தாங்குவது. அதில் இரண்டு துளைகள். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான் எல்லாம். ஒரு தலைமுடியின் பருமனில் பாதிகூடத் தவறக்கூடாது. பிராக்கெட்டைப் பிடித்திருக்கும் டேபிள் முதல் துளைக்குப் போய் நிற்கிறது, பிறகு நகர்ந்து இரண்டாவதற்குப் போய் நிற்கிறது. நிற்க வேண்டிய இடத்தில் நின்றதாகக் கன்ட்ரோல் சொல்கிறது. துளை வேறு இடத்தில் விழுகிறது. ஒரு நாள் தூரம் அதிகம். ஒரு நாள் குறைவு. எப்போதும் ஒரே மாதிரி தவறினால் ஒரு எண்ணை மாற்றி முடித்துவிடலாம். இது அப்படி இல்லை.

"கஸ்டமர் ரெண்டு லாட் சரக்க திருப்பி அனுப்பிட்டான்," என்றான் ஹரீஷ். "இன்னைக்கு சாயங்காலம் டெம்போ வருது. இதுவும் திரும்புச்சுன்னா வேற ஷெட்டுக்குக் குடுத்துடுவான். நமக்கு இருக்கறது அவன் ஒருத்தன்தான்."

தினேஷ் முள் வைத்த அளவு டயலை எடுத்தான். அதன் முனை டேபிளைத் தொடும்படி நிறுத்தினான். டேபிளைத் தள்ளிப் போகவிட்டான். திரும்ப வரவிட்டான்.

முள் கிளம்பிய கோட்டிலேயே வந்து நின்றது.

மறுபடி. அதே கோடு. வேகமாக ஒருமுறை. அதே கோடு.

"பேக்லாஷ் இல்ல, ஸ்க்ரூல ஆட்டமே இல்ல," என்றான், யாரோ இறந்ததைச் சொல்வதுபோல.

"நல்லதுதான?" என்றான் ஹரீஷ்.

தினேஷ் டயலைக் கழற்றிப் பையின் மேல் வைத்தான்.

அடுத்து மோட்டாரும் டேபிளை நகர்த்தும் ஸ்க்ரூவும் சேரும் இடம். அங்கே இருக்கும் கப்ளிங் வழுக்கினால் மோட்டார் சுற்றும், டேபிள் பின்தங்கும். மூடியைக் கழற்றினான். வேலை முடித்த அன்று கப்ளிங்கின் குறுக்கே அவன் பெயின்டில் ஒரு வெள்ளைக்கோடு போட்டிருந்தான். வழுக்கியிருந்தால் கோடு இரண்டாக விலகியிருக்கும்.

"நகந்திருக்கா?" என்றாள் சௌமியா.

"இல்ல."

"நல்லாப் பாரு."

"நகரல சௌமி."

அவளே குனிந்து பார்த்தாள். துணியால் துடைத்துவிட்டுப் பார்த்தாள். கோடு ஒரே கோடாக இருந்தது.

பேரிங் பார்த்தான். ஸ்க்ரூவின் முனையில் டயல் வைத்து டேபிளை முன்னும் பின்னும் உதறினான். முள் அசையவில்லை. லாக் நட் இறுகியே இருந்தது. கேபிள்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தான். கன்ட்ரோலில் அவன் எழுதிவைத்த திருத்த எண்கள் அப்படியே இருந்தன. யாரும் கைவைக்கவில்லை.

வெயில் தகரக்கூரையில் ஏறிக்கொண்டிருந்தது. அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"எதுவுமே கெடலையா?" என்றான் ஹரீஷ்.

"கெடல."

"அவ்ளோ நல்லாவா பண்ணீங்க?"

"பண்ணித் தொலைச்சிட்டேன்."

ஹரீஷ் சிரித்தான். தினேஷும் சிரித்தான். சௌமியாவால் முடியவில்லை. பையில் கைவிட்டு லெவலை எடுத்தாள். கனமான இரும்புக் கட்டை, மேலே கண்ணாடிக்குள் ஒரு நீர்க்குமிழி.

"இத வச்சுப் பாக்கலாமா?"

"அத வைக்க வேணாம்னுதான் காலையிலருந்து இதெல்லாம் பாத்தேன்."

"எனக்குத் தெரியும்."

டேபிளில் வைத்தாள். குமிழி நடுவில் இல்லை. தினேஷ் டேபிளை ஒரு பக்கம் நகர்த்தினான். குமிழி மெல்ல எதிர்ப்பக்கம் போனது. டேபிள் நேராக நகரவில்லை. மேடு ஏறி இறங்குவதுபோல நகர்ந்தது.

தினேஷ் தரையில் உட்கார்ந்தான். மெஷினின் அடியில் குனிந்து பார்த்தான். பிறகு ஹரீஷை அழைத்துக் காட்டினான்.

ஷெட் முதலில் சிறியது. பிறகு நீட்டிக் கட்டியது. பழைய தளமும் புதுத் தளமும் சேரும் இடத்தில் தரையில் ஒரு விரிசல் ஓடியது. மெஷின் சரியாக அதன்மேல் நின்றது. பாதிக் கால்கள் பழைய தரையில், பாதி புதுத் தரையில்.

"செவுத்தோரம் குழி எடுத்துக் காங்கிரீட் போட்டு அதுமேல நிறுத்தினோம்," என்றான் தினேஷ். "ஞாபகம் இருக்கா? இங்க அது இல்ல. ஒரு தரை எறங்குது, ஒண்ணு நிக்குது. நடுவுல மெஷின் முறுக்கிக்குது. மோட்டார் சரியான எடத்துலதான் நிக்குது. அடியில இருக்கறது சரியில்ல."

ஹரீஷ் விரிசலை விரலால் தொட்டுப் பார்த்தான். ஒரு வருஷமாக அதைத் தாண்டித் தாண்டி நடந்திருக்கிறான்.

"இப்பிடியே வச்சு லெவல் பண்ண முடியாதா?"

"பண்ணலாம்."

பண்ணினார்கள். காலடிப் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் திருகினார்கள். தினேஷ் படுத்துக்கொண்டு திருகினான். சௌமியா குமிழியைப் பார்த்துச் சொன்னாள். கொஞ்சம். இன்னும் கொஞ்சம். போதும், திருப்பு. பழைய நாட்களில் பேசிய அதே வார்த்தைகள். ஹரீஷ் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வெளியே போய் டீ வாங்கி வந்தான்.

குமிழி நடுவுக்கு வந்தது. டேபிள் எங்கே போனாலும் நடுவிலேயே நின்றது.

ஒரு பிராக்கெட் ஓட்டினார்கள். சௌமியா அதைத் துடைத்து, ஆறவிட்டு, துளைகளில் இரும்பு முளைகளைச் செருகி, மைக்ரோமீட்டரால் அளந்தாள். மறுபடி அளந்தாள்.

"சைஸ்ல இருக்கு," என்றாள்.

ஹரீஷ் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினான்.

"இரு, அதுக்குள்ள என்னா?" என்றான் தினேஷ்.

வாசலிலிருந்து குரல் கேட்டது. "யம்மா! சைஸு வந்துடுச்சும்மா! ஆமா, ரெண்டு பேரும்! ரெண்டு பேரும்தான்!"

சௌமியா தினேஷைப் பார்த்தாள். அவளும் ஒரு நிமிடம் நம்பினாள். வீட்டு வாசல் தெரிந்தது. அம்மா லட்சுமியம்மாள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவது தெரிந்தது.

ஃபோர்க்லிஃப்ட் உள்ளே வந்தது. ஷெட்டின் டிரைவர் வெங்கடப்பன் ஓட்டி வந்தார். ஆனேக்கல் பக்கத்து ஆள். ஒரே மூச்சில் கன்னடமும் தமிழும் பேசுவார். முன்னால் ஒரு பெட்டி நிறைய பிராக்கெட் வார்ப்புகள்.

"சொல்ப சைடு குடுங்க சார். ஓ, சௌமியாம்மா! சென்னாகித்தீரா, நல்லா இருக்கீங்களா? எளைச்சிட்டீங்களே!"

சிரித்துக்கொண்டே பெட்டியை மெஷினின் பக்கத்தில், புதுத் தரையில் இறக்கினார். வழக்கமாக இறக்கும் இடம்.

லெவல் இன்னும் டேபிளின் மேலேயே இருந்தது. சௌமியா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குமிழி நகர்ந்தது.

"தூக்குங்க," என்றாள்.

"யாக்கே, ஏம்மா? தெனமும் இங்கதான எறக்கறேன்?"

"தூக்குங்க வெங்கடப்பா."

தூக்கினார். குமிழி திரும்பி வந்தது.

"எறக்குங்க."

இறக்கினார். போனது.

"ஏத்து, எறக்கு, ஏத்து, எறக்கு," என்றார் வெங்கடப்பன். "என்னாம்மா, மெஷினுக்கு எக்சர்சைஸா?"

யாரும் சிரிக்காததைக் கண்டு வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"பெட்டிய வெளிய எறக்கச் சொன்னா?" என்றான் ஹரீஷ். குரல் தணிந்திருந்தது.

"வெயில் ஏறுனாலும் நகரும். மழ பேஞ்சாலும் நகரும். வெளிய லாரி நின்னாலும் நகரும். தெனமும் படுத்துட்டு போல்ட் திருகுவியா?" என்றான் தினேஷ்.

இன்னொரு பிராக்கெட் ஓட்டினார்கள். அளந்தாள். ஒரு முடிக்குமேல் அதிகம்.

ஹரீஷ் காலி டிரேயின் மேல் உட்கார்ந்தான்.

"அம்மாகிட்ட சொல்லிட்டேனே."

பிறகு அவன் தலையைத் தூக்கினான்.

"அப்பாகிட்ட தரைன்னு சொல்லாதீங்க. மெஷின திருப்பி வைக்கணும்னா கேக்கவே மாட்டாரு. பேரிங்னு சொல்லுங்க. நீங்க சரியா மாட்டலன்னு சொல்லுங்க. கழட்டணும்னா பழைய எடத்துக்குக் கொண்டுபோனாத்தான் முடியும்னு சொல்லலாம். கொண்டுபோயிட்டா அங்கியே விட்டுடலாம். ரெண்டு நாள் கத்துவாரு. அவ்ளோதான்."

"அவரு பண்ணாத தப்ப ஏன் ஒத்துக்கணும்?" என்றாள் சௌமியா.

"சொல்றேன்," என்றான் தினேஷ்.

"வேணாம்."

"என்னப் பத்தி என்னென்னவோ சொல்லியாச்சு உங்க வீட்ல. இது அதுல ஒண்ணு. விடு."

டெம்போ வந்து வாசலில் நின்றது. அதன் பின்னாலேயே ராஜப்பன் வந்தார். வண்டியை ஷெட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்துவது அவர் வழக்கம். நிறுத்தினார். மகளைப் பார்க்கவில்லை. மருமகனைப் பார்க்கவில்லை. இளைத்திருந்தார். சட்டைக் காலர் கழுத்தைவிட்டு விலகி நின்றது.

"என்னாவாம்?" என்று ஹரீஷிடம் கேட்டார்.

"பேரிங்காம்ப்பா."

"ஆளு இருக்குதில்ல? அதச் சொல்லச் சொல்லு."

தினேஷ் முன்னால் வந்தான். "என் தப்புதான் சார். பேரிங் நான் சரியா கட்டல. அதான் அளவு ஓடுது. கழட்டி மாட்டிக் குடுத்துடறேன். அதுக்கு மெஷின செவுத்தோரம் கொண்டுபோகணும்."

ராஜப்பன் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தோள்கள் தளர்ந்தன. வெகுநாள் நின்றவர் உட்கார இடம் கிடைத்ததுபோல.

"சொல்லிட்டானா," என்றார். "இத அவன் வாயால கேக்கணும்னுதான் வரச் சொன்னேன்."

"அப்ப வீட்டுக்குப்பா?" என்றான் ஹரீஷ்.

"எதுக்கு?"

"நீங்க சொன்னீங்களே."

"மெஷினு சைஸுக்கு வந்தான்னேன். வந்துச்சா? கெடுத்தவன்னு அவனே சொல்றான். கெடுத்தவனக் கூட்டிட்டுப் போயி எல போடணுமா?"

தினேஷ் தரையைப் பார்த்தான். சௌமியா முன்னால் வந்தாள்.

"பேரிங் நல்லா இருக்குப்பா. எல்லாம் நல்லா இருக்கு. அவரு பொய் சொல்றாரு. தரதான் காரணம். நீங்க திருப்பி வச்சதுதான்."

ஹரீஷ் கண்ணை மூடிக்கொண்டான்.

ராஜப்பன் கத்தவில்லை. மெதுவாக நடந்து மெஷினின் அருகே போனார். விரிசலைச் செருப்பு முனையால் தொட்டார்.

"தெரியும்," என்றார்.

"தெரியுமா?"

"நான் மெஷின் பாக்காதவனா? திருப்பி வச்ச அன்னைக்கே லெவல் வச்சுப் பாத்தேன்."

"ரெண்டு லாட் திரும்பி வந்துச்சேப்பா," என்றான் ஹரீஷ். "நான் என் கைதான் சரியில்லன்னு நெனச்சேன். நீங்களும் அப்பிடித்தான் திட்டுனீங்க."

ராஜப்பன் முதல் முறையாக மகளைப் பார்த்தார்.

"தெக்க பாத்துட்டு இருந்துச்சு. அதனால நீ போயிட்ட. அப்பிடித்தான் நான் வச்சிருக்கேன். அதத் திருப்பி வச்சிட்டா, நீ என்னாத்துக்குப் போனன்னு நான் யாரக் கேப்பேன்? அதையும் எங்கிட்டருந்து புடுங்காதீங்க."

வெளியே டெம்போ டிரைவர் ஹாரன் அடித்தான்.

"கிழக்கப் பாத்தே இருக்கட்டும்ங்க," என்றான் தினேஷ். "இதே எடத்துலயே குழி எடுத்து காங்கிரீட் போடலாம். ஒரு மாசம் ஆறணும். நானும் எங்கப்பாவும் வந்து தோண்டறோம்."

"தோண்டறதுக்கு ஆளுங்க இருக்காங்க," என்றார் ராஜப்பன் மகனைப் பார்த்து. "எப்பவும் இருந்தாங்க. ஒரு மாசம் கஸ்டமரு காத்துட்டு இருப்பானான்னு கேளு."

தினேஷ் பின்னால் நகர்ந்துகொண்டான்.

கடைசியாக ஓட்டிய பிராக்கெட் மேசையில் இருந்தது. ராஜப்பன் அதை எடுத்தார். வேட்டி நுனியால் துடைத்தார். மகளிடம் நீட்டினார்.

"அளந்து சொல்லு."

"அளந்துட்டேன்ப்பா."

"இன்னொரு தடவ அள. நீ சரின்னு சொன்னா சரி. நான் சொன்ன சொல்லு நிக்கும். இப்பவே போலாம். ரெண்டு பேரும்."

பிராக்கெட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார்.

சௌமியா வாங்கிக்கொண்டாள். முளைகளைச் செருகினாள். மைக்ரோமீட்டரைத் திருகினாள். முனை தொட்டதும் மெல்லிய கிளிக் சத்தம் வந்தது. அங்கே நிறுத்த வேண்டும். இன்னும் கொஞ்சம் அழுத்தித் திருகினால் எண் குறையும். கொஞ்சம் குறையும். மீதியை வாயால் குறைத்துவிடலாம். யாரும் கேட்கமாட்டார்கள். இது எங்கோ ஒரு லாரிக்குள் போய்விடும்.

அவள் விரல் திருகின் மேலேயே இருந்தது. அப்பாவின் முன்கையில் நரைத்த முடி கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. போகும்போது இவ்வளவு நரை இல்லை.

விரலை எடுத்தாள்.

"அதிகமா இருக்குப்பா."

ராஜப்பன் அதை அவள் கையிலிருந்து வாங்கினார். நல்ல பிராக்கெட்டுகள் அடுக்கும் டிரேயில் வைத்தார். அங்கே ஏற்கெனவே நிறைய இருந்தன. ஒன்றுகூட நல்லதில்லை என்று அங்கிருந்த நால்வருக்கும் தெரியும்.

"ஏத்து," என்றார் மகனிடம்.

ஹரீஷ் டிரேயைத் தூக்கினான். வாசல் பக்கம் திரும்பினான். நின்றான். பிறகு மூலையிலிருந்த சிவப்புக் கழிவுத் தொட்டிக்குப் போய் அப்படியே கவிழ்த்தான். இரும்பின்மேல் இரும்பு விழும் சத்தம் தகரக்கூரையில் முட்டித் திரும்பியது. அடுத்த டிரேயையும் எடுத்துக் கவிழ்த்தான்.

"இன்னைக்கு லோடு கெடையாதுப்பா."

ராஜப்பன் மகனை வெகுநேரம் பார்த்தார்.

"நீயும் போ," என்றார்.

ஹைவேயைத் தாண்டி ஓசூர் பக்கம் போகும் நிறுத்தத்தில் மூவரும் நின்றார்கள். ஹரீஷ் ஷெட்டில் போடும் எண்ணெய்ச் சட்டையோடு வந்திருந்தான். பர்ஸ் உள்ளேயே இருந்தது. போன் மட்டும் கையில்.

"உங்க வீட்ல எடம் இருக்குமா மாமா?" என்றான்.

அந்த வார்த்தையை அவன் முதல் தடவையாகச் சொன்னான். தினேஷ் தலையாட்டினான்.

எதிரே ஷெட்டில் விளக்கு எரிந்தது. மெஷின் ஓடும் சத்தம் மெல்லக் கேட்டது. ராஜப்பன் தனியாக ஓட்டிக்கொண்டிருந்தார்.

"கஸ்டமருக்கு யாரு சொல்றது?" என்றாள் சௌமியா.

"டெம்போக்காரன் காலியாப் போறான். அதுவே சொல்லிடும்," என்றான் ஹரீஷ்.

ஹரீஷின் போன் அடித்தது. அம்மா. அவன் எடுக்கவில்லை. நின்று மறுபடி அடித்தது. எடுத்தான். லட்சுமியம்மாள் போனில் எப்போதும் கத்தித்தான் பேசுவாள். காதில் வைக்காமலே மூவருக்கும் கேட்டது.

"டேய் ஹரீ, கெளம்பிட்டீங்களா? கோழி அடிச்சாச்சு. மாப்ள களி திங்குவாராடா, இல்ல சோறு வடிக்கட்டுமா? கேட்டுச் சொல்லு. என்னாடா, கேக்குதா?"

ஹரீஷ் போனை அக்காவிடம் நீட்டினான். சௌமியா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"ஹரீ? அவருகிட்ட குடுக்கறியா? நானே கேக்கட்டுமா? கூச்சப்படுவாரா?"

தினேஷ் கை நீட்டிப் போனை வாங்கினான்.

"களியே கிண்டுங்க அத்தை," என்றான்.

மறுமுனையில் லட்சுமியம்மாள் சிரிப்பது கேட்டது. "சரிப்பா, சரிப்பா," என்று சொல்லி அவளே வைத்துவிட்டாள்.

"ஏன் அப்பிடிச் சொன்ன?" என்றாள் சௌமியா.

"கேட்டாங்களே."

"போக முடியாதுன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

ஓசூர் பஸ் தூரத்தில் வந்தது. முன் விளக்குகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. கை காட்டினால்தான் நிற்கும். மூவரில் யாரும் காட்டவில்லை. பஸ் காற்றை அடித்துக்கொண்டு கடந்து போனது.